காத்திருக்கும் வெந்நீர்

ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இன்று எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அம்மாவைப் பெற்ற என் அம்மிச்சி காலத்திலும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வாளி 20 லிட்டர். மார்கழி முடிந்த கோயம்புத்தூர்க் காலையில் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு இதமாக இருக்க 40 டிகிரி வேண்டும். 20 லிட்டரை 15 டிகிரி ஏற்ற 300 கிலோகலோரி. ஒரு யூனிட் மின்சாரத்தில் 860 கிலோகலோரி இருக்கிறது. ஆக, ஒருவர் குளிக்க மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. விறகு எரித்தாலும் கம்பி போட்டாலும் கீசர் மாட்டினாலும் தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டியது இவ்வளவுதான். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வெப்ப ஏற்புத்திறன் நடத்தும்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் கரும்பலகையில் போடுவேன்.

அதனால்தானோ என்னவோ, எங்கள் குடியிருப்பில் யார் குளியலறையைப் புதுப்பித்தாலும் என் வீட்டு மணியை அடிக்கிறார்கள். “ஏனுங்க டீச்சர், ஸ்டோரேஜ் போடறதுங்களா, இன்ஸ்டன்ட் போடறதுங்களா? எதுக்குங்க கரண்ட் கம்மி?”

இரண்டிலும் இருப்பது ஒரே மாதிரிக் கம்பிச்சுருள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அந்தச் சுருள், வாங்கும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமாகவே வெப்பமாக்கித் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். அந்த வகையில் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று சொல்ல வழியில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சூடான தண்ணீர் குளிப்பவருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, குளித்து முடித்தபின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற இரண்டும்தான் மின்கட்டணத்தில் வந்து உட்காருகின்றன. இதை நான் இயற்பியல் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்த அம்மிச்சி வீட்டுப் பாய்லர்தான் சொல்லிக்கொடுத்தது.

செம்புப் பாய்லர் அது. ஆள் இடுப்பளவு உயரம். நடுவில் மேலும் கீழுமாக ஒரு குழாய் ஓடும். அதற்குள்தான் நெருப்பு. குழாயைச் சுற்றித் தண்ணீர். மேலே ஒரு புனல், பக்கத்தில் ஒரு மூக்கு. புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊற்றினால் அது நேரே அடிக்குப் போகும், மேலே நிற்கும் சுடுதண்ணி ஒரு சொம்பு மூக்கு வழியாக வாளியில் விழும். ஊற்றின அளவே வரும், கூடாது, குறையாது. இன்றைக்குச் சுவரில் வெள்ளையாகத் தொங்கும் ஸ்டோரேஜ் கீசர் வேலை செய்வதும் அப்படியேதான். சுடுதண்ணிக் குழாயைத் திறந்ததும் தொட்டியின் அடியில் பச்சைத்தண்ணி நுழைந்து, மேலே இருப்பதை வெளியே தள்ளுகிறது. குளிப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பாய்லரில் எல்லாம் கண்முன்னே நடந்தது. எத்தனை சொம்பு ஊற்றினோம், எத்தனை பேர் இன்னும் குளிக்கவில்லை, தணல் எவ்வளவு மிச்சம் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும்.

எரிக்க ஊரில் எதற்கும் பஞ்சமில்லை. தேங்காய் மட்டை, பன்னாடை, கொட்டாங்குச்சி, காய்ந்த தென்னை மட்டை, பருத்தி எடுத்த வருடம் பருத்திமாரு. விறகுக்கென்று யாரும் காசு கொடுத்ததாக நினைவில்லை. ஆனால் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஊதாங்குழலோடு பாய்லர் முன்னால் குந்தியது அம்மிச்சி. மழைக்காலத்தில் மட்டை ஈரமாகி எரியாமல் புகையும். கண் எரிய, முந்தானையால் துடைத்துக்கொண்டே ஊதுவார். அந்தச் செலவு எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறவில்லை. பழைய காலத்தில் எல்லாம் சும்மா கிடைத்தது என்று யாராவது பேசும்போது எனக்கு அந்தச் சிவந்த கண்கள்தான் முன்னால் வரும்.

அந்த வீட்டில் இன்னொன்று இருந்தது, வரிசை. முதலில் அப்புச்சி, பிறகு தோட்டத்துக்குப் போகும் மாமன்மார், பள்ளிக்கூடம் போகும் நாங்கள், கடைசியில் அத்தைகளும் அம்மிச்சியும். தண்ணீர் காய்ந்த அடுத்த நிமிடம் துண்டோடு ஒருவர் நின்றிருப்பார். “காஞ்சிருச்சு, போய்க் குளி கண்ணு” என்று சத்தம் வந்தால் பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் ஓட வேண்டும். ஒரு நெருப்பில் வீடே குளித்து முடித்துவிடும். எட்டுப் பேர் குளித்தால் தண்ணீரில் சேர்ந்த வெப்பம் 2,400 கிலோகலோரி, இன்றைய கணக்கில் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. அடுப்பின் புகைபோக்கி வழியே போனது அதைவிடப் பல மடங்கு இருக்கும். திறனில் அந்தப் பாய்லர் இன்றைய கீசருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இருந்தும் சூடாக்கின தண்ணீர் ஒரு சொம்பும் ஆறிப்போய்க் கிடந்ததில்லை. கடைசியில் குளித்த பெண்களுக்கு வெதுவெதுப்புதான் கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தபோது வாடகை வீட்டில் ஹீட்டர் கம்பி. வாளியில் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் ஒரு கிலோவாட் கம்பி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஒரு வாளியைக் காய்ச்சும். மின்செலவை மட்டும் பார்த்தால் இதைவிடச் சிக்கனம் எதுவுமில்லை. தொட்டி இல்லை, குழாய் இல்லை, மிச்சம் இல்லை. ஆனால் ஸ்விட்சை அணைக்காமல் தண்ணீரில் கைவிட்டவர்கள் உயிரோடு விளையாடியிருக்கிறார்கள். எர்த் சரியில்லாத பழைய வயரிங் வீடுகளில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தக் கம்பியை நான் இன்று யாருக்கும் சொல்ல மாட்டேன், எத்தனை யூனிட் மிச்சமானாலும்.

பிறகு சொந்த வீடு, 25 லிட்டர் கீசர் ஒன்று. வீட்டுக்கே அது ஒன்றுதான். இங்கேதான் கணக்கு சுவையாகிறது. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்றினால் 875 கிலோகலோரி, அதாவது சொல்லிவைத்தாற்போல ஒரு யூனிட். இரண்டு கிலோவாட் சுருளுக்கு அரைமணி வேலை. அந்த 60 டிகிரித் தண்ணீரைப் பச்சைத்தண்ணியோடு விளாவினால் 40 டிகிரியில் 58 லிட்டர் கிடைக்கும். மூன்று வாளி. வீட்டில் மூன்று பேர். அவர், நான், மகள், ஒருவர் பின் ஒருவராக. ஒரு யூனிட்டில் மூன்று குளியல் முடிந்து தொட்டியில் மிஞ்சுவது பச்சைத்தண்ணிதான். அம்மிச்சி வீட்டு வரிசை எங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது.

அந்தத் தொட்டிக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய காலம் ஒன்றும் உண்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது, மணிக்கணக்கில் மின்சாரம் போய்க் கிடந்த வருடம். இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் விசிறி சுற்றவிட்டார்கள். கீசரை இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. கரண்ட் இருக்கும் நேரத்தில் காய்ச்சி வைத்தால் போன பிறகும் தொட்டி சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். இன்ஸ்டன்ட் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த நாட்களில் அடுப்பில்தான் தண்ணீர் வைத்தார்கள். தண்ணீர் காத்திருப்பது வீண் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட எனக்கு மனம் வராததற்கு அந்த வருடமும் ஒரு காரணம்.

இப்போது இருப்பது அடுக்குமாடி. மூன்று படுக்கையறை, மூன்று குளியலறை, மூன்றிலும் தலைக்கு ஒன்றாக 25 லிட்டர் கீசர். கட்டிக்கொடுத்தவர்களே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் அவரவர் அறையில், அவரவர் நேரத்தில் குளிக்கலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆள் ஒரு வாளி குளிக்க 25 லிட்டர் முழுவதும் காய்கிறது. மூன்றில் ஒரு பங்கு வெப்பம் உடம்பில் விழுகிறது, மிச்சம் தொட்டியிலேயே நிற்கிறது. மறுநாள் காலைக்குள் அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் சுவருக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. ஊருக்குப் போனவர்கள் வராத ஒரு நாளில், ஃபிரிட்ஜ் உள்பட எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு கீசரை மட்டும் இரவும் பகலும் போட்டுவைத்து மீட்டரைப் பார்த்தேன். யாரும் ஒரு சொட்டுக்கூடத் திறக்கவில்லை. ஒரு யூனிட்டை ஒட்டி ஓடியிருந்தது.

அப்படிப் பார்த்தால், ஆளுக்கொரு தொட்டி காய்ச்சிப் பாதியை ஆறவிடும் வீட்டில் ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 யூனிட் போகும். மூன்று தொட்டிக்கு 1.2. நமக்கு மீட்டர் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு 72 யூனிட். பெரிய தொகையா என்றால், அது எந்தப் படியில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 500-க்குள் நின்றால் 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அதே நூறு யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. அந்த ஒரு யூனிட்டுக்காக 225 ரூபாய் கூடுதல். தாண்டின பிறகு ஓடும் யூனிட்டுக்கு 8 ரூபாய். அதன்பின் கட்டணம் ஏறித்தான் இருக்கிறது. யாரும் குளிக்காத வெந்நீர் ஒரு குடும்பத்தை 500-க்கு மேலே தள்ளிவிடுவதை ஈ.பி. அட்டையில் நான் பார்த்திருக்கிறேன்.

“அப்ப அரைமணிக்குப் பதிலா பத்து நிமிஷம் போட்டா ஆச்சுங்களே” என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு கிலோவாட்டில் பத்து நிமிடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு யூனிட், ஒரு வாளிக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த வெப்பம் 25 லிட்டருக்கும் பரவிவிடும். எல்லாம் 36, 37 டிகிரியில் நிற்கும், குளிரும். அதே வெப்பத்தை 10 லிட்டர் தொட்டியில் கொடுத்தால் 55 டிகிரி. விளாவி ஒரு வாளி குளித்து முடித்தால் தொட்டியில் ஒன்றும் மிஞ்சாது. தனியாக ஒருவர் குளிக்கும் அறைக்கு 10 லிட்டர்தான் அளவு. ஸ்டோரேஜா இன்ஸ்டன்டா என்று கேட்பதற்கு முன் எத்தனை லிட்டர் என்று கேட்டிருக்க வேண்டும்.

கீசர் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களும் இந்த ஒழுகும் வெப்பத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. தண்ணீரைத் திறக்காமல் தொட்டி சும்மா நிற்கும்போது நாளொன்றுக்கு எவ்வளவு இழக்கிறது என்பதுதான் ஸ்டோரேஜ் கீசரின் அளவுகோல். அது குறையக் குறைய நட்சத்திரம் கூடும். ஐந்து நட்சத்திரத் தொட்டியிலும் ஒரு வாளி குளிக்க அதே 300 கிலோகலோரிதான். நட்சத்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, நாள் முழுக்கப் போட்டு வைப்பவர்களுக்குத் திரும்பி வரும். காலையில் அரைமணி போட்டு, வரிசையாகக் குளித்து அணைப்பவர்களுக்கு அதில் பெரிய லாபமில்லை.

இன்ஸ்டன்ட் என்றால் தொட்டியே இல்லை என்று நினைப்பவர்கள் பலர். நம் கடைகளில் விற்பதில் ஒன்று அல்லது மூன்று லிட்டர்ப் பாத்திரம் உள்ளே இருக்கும். சுருள் மூன்று கிலோவாட். நிமிடத்துக்கு 43 கிலோகலோரி கொடுக்கும். கோயம்புத்தூரில் 15 டிகிரி ஏற்றினால் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். வாளி நிறைய ஏழு நிமிடம். ஆறிப்போக மிச்சம் கிடையாது, குளித்ததற்கு மட்டும் கட்டணம். என் தங்கை ஊட்டியில் இருக்கிறாள். அங்கே டிசம்பர்க் காலையில் குழாயில் 12 டிகிரிக்கு வந்தால் ஏற்ற வேண்டியது 28 டிகிரி. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். வாளி நிறைய பதின்மூன்று நிமிடம், ஷவர் பேச்சுக்கே இடமில்லை. அவளுக்குத் தொட்டிதான், அதுவும் தடிமனாக நுரை அடைத்த தொட்டி. கீழே சமவெளியில் சரியான பதில் மலையேறினால் தவறாகிவிடுகிறது.

மூன்று கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். தனி வயர், 16 ஆம்பியர் பிளக் வேண்டும். இரண்டு அறையில் ஒரே நேரம் போட்டால் பழைய வீட்டு எம்.சி.பி. விழுந்துவிடும். காலையில் வோல்டேஜ் 200-க்கு இறங்கும் தெருக்களில் அந்த மூன்று கிலோவாட் இரண்டேகாலாகிவிடும், ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்தில் திறன் குறையும். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். தொட்டிக்கு அதே தெருவில் பத்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

உப்புத்தண்ணியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சுருளில் வெள்ளையாக உப்புப் படிந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்கிறார்கள். மின்சுருளில் பிறக்கும் வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. உப்புப் படலம் அதைத் தாமதப்படுத்தும், சுருள் தாங்க முடியாத சூடேறி எரிந்துபோகும். நஷ்டம் மெக்கானிக் வழியாக வரும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் பல வருடம் உழைக்கும் சுருள், போர்த் தண்ணீர் வீட்டில் சீக்கிரமே போய்விடுவது இதனால்தான்.

கேஸ் கீசரும் தொட்டியில்லாததுதான், தண்ணீர் வேகமாக வரும். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 180 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. ஐந்தில் நாலு பங்கு தண்ணீருக்குப் போனாலும் 145 யூனிட். சிலிண்டர் 850, 900 ரூபாய் என்றால் யூனிட் ஆறு ரூபாய்ப் பக்கம். மேல்படியில் மின்சாரம் வாங்குபவர்களுக்கு ஆதாயம்தான். ஆனால் ஜன்னல் சாத்திய சிறிய குளியலறைக்குள் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையில்லாத நச்சு அது. நாட்டில் பல உயிர்களை அது வாங்கியிருக்கிறது. மாட்டுவதென்றால் வெளியே, காற்றோட்டத்தில்.

மகள் இப்போது அமெரிக்காவில். அவள் வீட்டு நிலவறையில் ஓராள் உயரத் தொட்டி, ஏறத்தாழ 190 லிட்டர். அதற்கு ஸ்விட்ச் என்று ஒன்று கைக்கெட்டும் இடத்தில் கிடையாது. இரவு, பகல், ஊருக்குப் போன வாரம் என்று எந்நேரமும் சூடாகவே நிற்கும். அந்த நாட்டு எரிசக்தித் துறை, நாளொன்றுக்கு 155 லிட்டருக்குள் வெந்நீர் செலவழிக்கும் வீட்டில் தொட்டியில்லாதது 24 முதல் 34 சதவீதம் திறன் கூடுதல் என்கிறது. அதைப் போல இரண்டு மடங்கு செலவழிக்கும் வீட்டில் 8 முதல் 14 சதவீதம்தான். காரணம் வெளிப்படை. தண்ணீர் அதிகம் ஓடினால் காத்திருப்பது குறைவு. அந்தச் சதவீதங்களைக் கேட்டுக்கொண்டு இங்கே வந்து நல்ல தொட்டியைக் கழற்றி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கோடு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அந்த நாட்டுக் கணக்கில் அந்த ஸ்விட்ச் சேர்த்தி இல்லை.

இன்னொரு நினைப்பும் என்னை விடுவதில்லை. நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறோம். அந்த நீராவி சுழலியைச் சுற்றி மின்சாரமாகும்போது நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தேறுகிறது. அது கம்பி வழியே வந்து மறுபடி ஒரு வாளித் தண்ணீரைச் சுட வைக்கிறது. நடுவில் இவ்வளவு இழந்து வந்து சேர்ந்ததைத் தொட்டியில் ஆறவிடுவதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. மாடியில் வெயில் சும்மா கிடக்கிறது. 100 லிட்டர் சோலார் ஹீட்டர் 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் நாளுக்கு நாலு யூனிட். அதுவும் தொட்டிதான், இரவெல்லாம் காத்திருக்கும் தண்ணீர்தான். அந்தக் காத்திருப்புக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

தம்பி மகன் பொள்ளாச்சி பக்கம், அம்மிச்சி வீடு இருந்த அதே ஊரில், புது வீடு கட்டுகிறான். வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினான். “அத்தை, மூணு பாத்ரூமுக்கும் ஒண்ணொண்ணு போட்டறலாங்களா?” இரண்டு குளியலறைகள் வீட்டின் இரண்டு கோடியில் இருந்தன. அவற்றை முதுகோடு முதுகு ஒட்டிவைக்கச் சொன்னேன். நடுச்சுவரில் ஒரே தொட்டி, 25 லிட்டர், இரண்டு பக்கமும் ஒரு அடி நீளக் குழாய். குழாய் நீளமாக இருந்தால் அதற்குள் நிற்கும் வெந்நீரும் ஒவ்வொரு தடவையும் ஆறித்தான் போகும். மாடியில் தனியாகப் படுக்கும் அவன் தாத்தாவுக்கு 10 லிட்டர். சமையலறைக்கு மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட், பாத்திரம் கழுவ அதுதான் ஏற்றது. சுவர் பூசுவதற்கு முன்பே மாடியிலிருந்து சோலாருக்கு ஒரு குழாய் இறக்கி, மேலே நுரைக்குழல் சுற்றிவிடச் சொன்னேன். பூசின பிறகு யாரும் சுவரை உடைக்க மாட்டார்கள். கீசர் ஸ்விட்சைக் குளியலறைக்கு உள்ளே வைக்காமல் எல்லோரும் நடக்கும் வழியில், கண்ணில் படும் உயரத்தில் வைக்கச் சொன்னேன். குளியலறையை இடம் மாற்றுவதற்குக் கொத்தனார் கொஞ்சம் முனகினாராம். அஸ்திவாரம் இன்னும் எழும்பவில்லை என்பதால் ஒத்துக்கொண்டார்.